மருந்து விடாமலே மஞ்சள்

அத்தியாயம் ஆறு

முழங்கால் வலிக்காரர் ஒருவர் தம் சொந்த வீட்டிலேயே நாற்காலியில் உட்கார மறுத்தார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. நான் கேள்விகளை வரிசைப்படுத்தி மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். என் வரிசையில் நாற்காலி இல்லை.

நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், சின்னையாவின் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தோம். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மனைவி இல்லை. ஒரே மகள் சாந்தினி. சோபா முழுவதும் நிச்சயதார்த்தத் தட்டுகள் அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சம்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். அன்று வியாழன்.

எங்களை அமர்த்தியது சாந்தினிதான். ஜார்ஜ் டவுனில் தையல்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னாள். கல்யாண உடுப்பு எடுக்கப் போன கடையில் மாப்பிள்ளை லோகேஸ்வரன் ஜிப்பா போட்டுப் பார்க்கச் சட்டையைக் கழற்றியிருக்கிறார். முதுகு முழுவதும் சிவப்புக் கொப்புளம். கூடப் போன சாந்தினியின் அத்தை பார்த்துவிட்டாள். இரவுக்குள் அப்பா முடிவெடுத்துவிட்டார்: தோல் வியாதிக்காரனுக்குப் பெண் கிடையாது.

“வியாதி இருந்தாலும் நான் அவரைத்தான் கட்டிக்குவேன், அக்கா. ஆனா தெரிஞ்சே என்கிட்ட மறைச்சாரா, அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நானும் டெஸ்மண்டும் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி வந்திருந்தோம். டெஸ்மண்ட் என் உதவியாளன். காடி ஓட்டுவான், கதவைத் தட்டுவான், தேவையில்லாத இடத்தில் பேசுவான்.

“உட்காருங்க அங்கிள்,” என்று அவருடைய நாற்காலியையே அவருக்கு இழுத்துப் போட்டான்.

“பரவால்ல தம்பி. நின்னே பேசறேன்.”

அலமாரியைப் பிடித்தபடி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்று பேசினார். பையனின் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார். அந்த அம்மா நல்ல மனுஷி, அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. கிளினிக்குகளில் விசாரித்தால் போதும். தோலில் இருப்பது வம்சத்தில் வரும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை.

கை கழுவப் பின்னால் போனேன். குளியலறை மூலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசன் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளே பாதி உயரம்வரை அழுத்தமான மஞ்சள் கறை. பேசன் காய்ந்து கிடந்தது, ஓரத்தில் ஒட்டடை.

சாந்தினி கூச்சத்துடன் சிரித்தாள். அப்பா தினமும் சாயந்திரம் மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாராம். எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாதாம். கொஞ்ச நாளாக அதையும் விட்டுவிட்டார். வலி போய்விட்டதா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

காடியில் ஏறியதும் பேசனைப் பற்றி டெஸ்மண்டிடம் சொன்னேன்.

“பாஸ், நம்ம கேஸ் மாப்பிள்ளையோட தோலு. மாமனாரோட பேசன் இல்ல,” என்றான். “இப்ப எங்க, கிளினிக்கா?”

“பாலிக் புலாவ். மாப்பிள்ளை வீட்டுக்கு.”

“அங்க போக வேண்டாம்னு சொன்னாரே.”

“அதனாலதான்.”

“அதானே பார்த்தேன்,” என்று அவன் சிக்னல் போட்டான். “எங்க வீட்ல ஃப்ரிட்ஜைத் திறக்காதேன்னு அம்மா சொன்னா, உள்ள கேக் இருக்குன்னு அர்த்தம்.”

* * *

லோகேஸ்வரன் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவருடைய சட்டை. அந்தப் புழுக்கத்தில் முழுக்கை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஒரு வாரமாக லீவு. எங்களைப் பார்த்ததும் யார் அனுப்பியிருப்பார்கள் என்று புரிந்துகொண்டு, வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டார்.

அவருடைய அம்மா மீனாட்சி ஜாதிக்காய் ஜூஸ் கொண்டுவந்து வைத்தார். அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து, சட்டையைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். ஒரு மனிதனிடம் அப்படிக் கேட்பதற்கு எந்தப் படிப்பிலும் பாடம் கிடையாது. என் காது சுட்டது. அவர் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். டெஸ்மண்ட் ஜூஸ் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை. ஊருக்குள் பேச்சு பரவிவிடும் என்று வெளியூர் மருந்துக்கடையில் ஏதோ களிம்பு வாங்கித் தடவியிருக்கிறார்.

“என் ரத்தத்துலயே ஏதோ இருக்குன்னு நானே நம்பிட்டேன், மிஸ். கண்ணாடியைப் பார்க்கவே வெக்கமா இருக்கு. சாந்தினி போன் பண்றா, எடுக்கல. என்னன்னு சொல்றது?”

“முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?”

“சத்தியமா இல்ல.”

அப்படியென்றால் மறைக்கவில்லை. சாந்தினியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் சத்தியத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தடுக்க முடியாது.

கொப்புளங்களை ஒழுங்காகப் பார்த்தேன். முதுகில், மார்பில், இடுப்பில் இருந்தன. அரைக்கால் சிலுவாரின் நாடா இறுக்கும் இடத்தில் நெருக்கமாக. கழுத்துக்கு மேலே ஒன்றுகூட இல்லை. கைகளிலும் இல்லை. அக்குளுக்குக் கீழே, கோடு போட்ட மாதிரி, சட்டென்று ஆரம்பித்தது.

கைகளைத் தூக்கி இரண்டு பக்கமும் விரித்து வைக்கச் சொன்னேன். வைத்தார். வெந்நீர்த் தொட்டியின் விளிம்பில் கைகளைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிந்தார்.

“ரத்தத்துல இருக்கிற நோய் தண்ணி மட்டம் பார்த்து நிக்காது,” என்றேன். “வீட்ல ஹாட் டப் இருக்கா?”

இருந்தது. பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, நாலு பேர் உட்காரக்கூடிய சாம்பல் நிறத் தொட்டி. தம் நாட்டுக்குத் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவரிடமிருந்து மலிவாக வாங்கியதாம். தினமும் வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் அதில் இருப்பார். கொப்புளம் வந்தபிறகு மூடி போட்டவர் திறக்கவே இல்லை.

முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது இப்படி ஒரு கேஸ் என் மேஜைக்கு வந்திருந்தது. குளோரின் தீர்ந்துபோன வெந்நீரில் கிருமி சீக்கிரமே குடியேறிவிடும். ஈரத்துணி ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அதிகமாகக் கொப்பளிக்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது என்று அப்போது டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. அதையே சொன்னேன்.

லோகேஸ்வரன் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் கோளாறு இருக்க வாய்ப்பே இல்லை என்றார். அதுவரை தரையைப் பார்த்துப் பேசியவர் நிமிர்ந்தார்.

“டெஸ்ட் பண்றதுதான் என் பொழப்பு, மிஸ். மூடி போடற வரைக்கும் இந்தத் தண்ணியை ஒருநாள் விடாம டெஸ்ட் பண்ணியிருக்கேன்.”

சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து விளக்கினார். சின்னப் பிளாஸ்டிக் குழாய். அதில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஐந்து சொட்டு மருந்து விட வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். அதிகம் இருந்தால் மஞ்சள் ஏறும். பக்கத்தில் அச்சடித்த நிறங்களோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். வெந்நீர்த் தொட்டிக்கு மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் சரி. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளிலிருந்து ஐந்துக்கும் மேலேயே காட்டியிருக்கிறது. அளவு கூடிவிட்டது என்று நினைத்து, தானாகக் குறையட்டும் என்று அவர் குளோரின் போடுவதையே நிறுத்தி வைத்திருக்கிறார்.

நிச்சயதார்த்தத்தன்று யாராவது தொட்டியில் இறங்கினார்களா என்று கேட்டேன். யாரும் இறங்கவில்லை. வருங்கால மாமனாரை மட்டும் தாம் கூப்பிட்டதாகச் சொன்னார். முழங்காலுக்கு நல்லது, வந்து உட்காருங்கள் மாமா என்று. அவர் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட்டாராம், சம்பந்தி வீட்டில் வேட்டியை அவிழ்க்கும் பழக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கிடையாது என்று. எல்லாரும் சிரித்துப் பாராட்டினார்களாம்.

“சரி, நாமும் ஒரு தடவை பார்த்துடலாம்,” என்று டெஸ்மண்டைத் தண்ணீர் எடுக்கச் சொன்னேன்.

மூடியைத் தள்ளி, குழாயை முக்கி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “அவர் சொன்னது சரிதான், பாஸ். அஞ்சையும் தாண்டி இருக்கு. நம்ம பஸ் ஸ்டாண்டு சர்பத் மாதிரி இருக்கு.”

நான் லோகேஸ்வரனின் கையைப் பார்த்தேன். மருந்துக் குப்பி அவர் கையிலேயே இருந்தது. மூடி திறக்கவில்லை.

“டெஸ்மண்ட், மருந்து எத்தனை சொட்டு விட்ட?”

“என்ன மருந்து?”

நான் குழாயை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். 

“மருந்து விடாமலே மஞ்சள்,” என்றேன்.

என் கண்ணை நான் நம்புவதில்லை. அதனால் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். பைப்புத் தண்ணீரில் மருந்து விட்டுப் பார்த்தேன். இலேசான மஞ்சள். தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். முன்பு இருந்த அதே மஞ்சள், துளிகூட ஏறவில்லை. பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, குளோரின் தூள் கொஞ்சம் போட்டுக் கலக்கினேன். அந்த மஞ்சள் குளோரினால் வந்தது என்றால் குறையக் கூடாது. குறைந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, வெறும் தண்ணீர் ஆகிவிட்டது.

லோகேஸ்வரன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “ராத்திரி நேரம், தொட்டிக்குள்ள தண்ணி நிறம் தெரியல. சொட்டு விடறதுக்கு முன்னாடி குழாயைப் பார்க்கவும் இல்லை,” என்றார் மெதுவாக. “பேக்டரில புதுசா வந்த பையன் இப்படிப் பண்ணினா நான் என்ன திட்டு திட்டுவேன் தெரியுமா?”

தண்ணீருக்குள் மஞ்சளாக எதுவோ இருக்கிறது. அது குளோரினைத் தின்றிருக்கிறது. தின்றுவிட்டு, குளோரின் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு குழாயில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மீனாட்சி அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் வெற்றிலைத் தட்டு இருக்கிறதா என்று கேட்டேன். ஆச்சரியத்தோடு கொண்டுவந்தார். இன்னொரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, விரல்நுனியில் சுண்ணாம்பு தொட்டு அதில் கரைத்தேன்.

தண்ணீர் சிவந்தது.

அந்தச் சிவப்பை அடையாளம் காண எங்களில் யாருக்கும் எந்தச் சோதனைப் பெட்டியும் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்த்திருக்கிறோம்.

“ஆரத்தி ரெடி,” என்றான் டெஸ்மண்ட். “மாப்பிள்ளையை நிக்க வைங்க.”

 லோகேஸ்வரன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா, மஞ்சள் தூளைப் போட்டீங்களா?”

“நான் ஏம்ப்பா போடறேன்?”

“எல்லாத்துக்கும் மஞ்சளைத்தானே கரைச்சு ஊத்துவீங்க. வாசப்படிக்கு, கறிக்கு, என் ஸ்கூல் சப்பாத்துக்குக்கூடப் போட்டிருக்கீங்க. இந்தத் தண்ணி சுத்தமில்லன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க? உங்களால என் கல்யாணமே நிக்கப் போகுது.”

அந்த அம்மா மறுபடி மறுக்கவில்லை. டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே போனார். நடையில் கால் தடுக்கியது.

தப்பு என்னுடையது. மஞ்சள் என்று தெரிந்துகொள்ளத் துடித்தேனே தவிர, யார் போட்டது என்று தெரியுமுன் அதை ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் வைத்துக் காட்டியிருக்கக் கூடாது. அவர் கொண்டுவந்த சுண்ணாம்பாலேயே அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

* * *

சமையலறையில் அவர் முதுகைக் காட்டி நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணி எடுத்துத் துடைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். எனக்குப் பின்னால் வந்த டெஸ்மண்ட், எங்கே நிற்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றான்.

தனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று மகன் நினைத்துவிட்டானோ என்பதுதான் அவருடைய பெரிய கவலை. சாந்தினியைப் பிடிக்கும் என்றார். அதைவிட அவளுடைய அப்பாவை மதிக்கிறேன் என்றார்.

“அந்த மாதிரி ஒரு சம்பந்தி அமையக் குடுத்து வைக்கணும்மா. நிச்சயத்தன்னைக்கு எல்லாரும் முன்னால போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க. அவரு மட்டும் தனியா இங்க வந்து, கொஞ்சம் கல்லுப்பு இருக்குமான்னு கேட்டாரு. என் பையனுக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு அவருக்குத் தோணியிருக்கு பாருங்க. பெத்தவ எனக்கே தோணல.”

துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். “திருஷ்டி சுத்தறதுக்குன்னு அவர் சொன்னாரா, ஆன்ட்டி?”

“அதைச் சொல்லித்தான் கேக்கணுமா? ஒரு கை அள்ளிக் குடுத்தேன். பத்தாது, பாக்கெட்டோட குடுங்கன்னாரு.”

“முழுப் பாக்கெட்டா?” என்றான் டெஸ்மண்ட். “கண்ணு லாரி சைஸ்ல பட்டிருக்கும் போல.”

வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். பின்கட்டுப் பக்கம். திருஷ்டி சுற்றியதை அவர் பார்க்கவில்லை, அதை எல்லாரும் பார்க்கச் செய்வார்களா என்று என்னையே கேட்டார். அதற்குப் பிறகு சின்னையா இந்த வீட்டுக்கு வந்தாரா? வந்தார். போன வாரம் செவ்வாய்க்கிழமை, மகளோடு, டவுனில் மண்டபம் பார்க்க. லோகேஸ் வேலைக்குப் போயிருந்தார். முழங்கால் வலி, நான் பின்னால் காற்றாட இருக்கிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள் என்று மீனாட்சி அம்மாவையும் சாந்தினியையும் அனுப்பிவைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்ததாம். முதல் தடவையாகப் பையனைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை பேசினாராம்.

காடிக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் டெஸ்மண்ட் கேட்டான்: “பாஸ், அந்தப் பேசன்ல என்ன கறைன்னு சொன்னீங்க?”

“மஞ்சள். கூடக் கல்லுப்பு.”

“முழங்கால் வலிக்காரர் நாற்காலி வேண்டாம்னு நின்னாரு.”

“ஆமா.”

“உட்கார முடியாம,” என்றான். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “நான் வேற அவர் நாற்காலியை அவருக்கே இழுத்துப் போட்டேன், லா.”

சாந்தினிக்குப் போன் செய்தேன். லோகேஸ் எதையும் மறைக்கவில்லை, அது தொட்டித் தண்ணீரால் வந்தது, டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. எங்களை அமர்த்தியவள் அவள். மிச்சத்தையும் அவளிடம்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் கேட்டேன், மிச்சத்தை முதலில் உங்கள் அப்பாவிடம் பேசிவிட்டு வரட்டுமா என்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி அக்கா என்றாள். அவளுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். அந்தப் பேசனைத் தினமும் தேய்த்தவள் அவள்.

* * *

பாலத்தில் ஜாம். நிபோங் திபால் போய்ச் சேர வெயில் தாழ்ந்துவிட்டது. சின்னையா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே, கையில் தண்ணீர்க் குழாய். செடிகள் எப்போதோ நனைந்து, தொட்டிகள் வழிந்துகொண்டிருந்தன.

கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். கிளினிக்குக்குப் போகவில்லை என்றேன். லோகேஸ் வீட்டுப் பின்கட்டுக்குப் போனோம் என்றேன்.

அவர் குழாயை மூடினார்.

“உங்களுக்கும் அப்படித்தானே இருக்கு, அங்கிள்? இடுப்புக்குக் கீழ.”

தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். டெஸ்மண்ட் தானாகவே போய்க் காடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். பிறகு அவர் பேசியதெல்லாம் செடித்தொட்டியைப் பார்த்துத்தான்.

அத்தனை பேர் முன்னால் வீராப்பாகப் பேசிவிட்டார். ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து ஆவி எழுந்ததைப் பார்த்ததிலிருந்து முழங்கால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாரும் முன்னால் இருந்த நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளே இருந்த படியில் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்துவிட்டார். இறங்குமுன் ஒரு தயக்கம்: அந்நியர் குளித்த தண்ணீர், மருந்து வாடை வேறு. மனசு ஒப்பவில்லை. அன்று காலையில் டவுனில் வீட்டுக்கு வாங்கிய மஞ்சள் தூள் காடியில் இருந்தது. உப்பு மட்டும் சம்பந்தியம்மாளிடம் வாங்கிக்கொண்டார்.

“கிருமி செத்துடும்னுதாம்மா போட்டேன். வீட்ல பண்ற மாதிரிதானே பண்ணேன்.”

“அந்த மஞ்சளோட சண்டை போட்டே குளோரின் தீர்ந்துபோச்சு அங்கிள். கிருமிக்குன்னு மிச்சம் இல்ல. செவ்வாய்க்கிழமை நீங்க மறுபடி இறங்கினப்ப தண்ணி கெட்டிருந்துச்சு. லோகேஸ் தினமும் அதுலதான் இருந்தாரு.”

 தம் உடம்பில் கொப்புளம் வந்ததும், அந்தப் பையனின் வியாதி தண்ணீர் வழியாகத் தமக்கு ஒட்டிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். கடையில் அத்தை பார்த்ததைச் சொன்னதும் அதை உறுதி செய்துகொண்டார். வெளியில் சொன்னால் தொட்டியில் இறங்கியதையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போனால் காட்ட வேண்டும். அதற்குக் கல்யாணத்தை நிறுத்துவது அவருக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

“அவன் உடம்புல ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல.”

“நான்தான் கெடுத்தேனா?”

தலையாட்டினேன்.

அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தண்ணீரில் கோளாறு என்று மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிட முடியுமா? தட்டுகளை அவர் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. கல்யாணம் குறித்த தேதியில் நடக்கும். யார் போட்டது என்பது மட்டும் வேண்டாம். பெண்ணைப் பெற்றவன், சம்பந்தி வீட்டில் திருட்டுத்தனமாகத் தொட்டியில் இறங்கினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கல்யாணமும் நிற்கவில்லை. ஆனால் அந்தச் சிவந்த தண்ணீரைக் காட்டியவள் நான்.

“அங்க மஞ்சள்னு தெரிஞ்சுபோச்சு, அங்கிள். லோகேஸ் அவங்க அம்மாதான் போட்டாங்கன்னு நினைச்சு எங்க முன்னாலயே பேசிட்டாரு. நான்தான் அதுக்குக் காரணம். அந்த அம்மா ஒரு வார்த்தைதான் மறுத்தாங்க. அப்புறம் அப்படியே தூக்கிக்கிட்டாங்க.” நிறுத்திவிட்டுச் சொன்னேன்: “நீங்க உப்பு கேட்டது அவங்க பையனுக்குத் திருஷ்டி கழிக்கன்னு இன்னமும் நம்பறாங்க. உங்களை மாதிரி ஒரு மனுஷன் உண்டான்னு சொன்னாங்க.”

கேட்டின் கம்பியை அவர் விரலால் சுரண்டினார். பெயின்ட் உதிர்ந்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி இல்லாததால் எண் தெரியவில்லை. நான் அழுத்திக் கொடுத்தேன். காது கொஞ்சம் மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“சம்பந்தியம்மா, நான் சின்னையா பேசறேன். அன்னைக்கு உங்ககிட்ட உப்பு வாங்கினேன்ல.”

“ஆமாங்கண்ணே.”

“அது திருஷ்டிக்கு இல்லம்மா.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேட்டியை மடித்தது, மஞ்சள் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டியது, செவ்வாய்க்கிழமை அவர்களைப் பொய் சொல்லி அனுப்பியது, இப்போது உட்கார முடியாமல் நிற்பதுவரை. தம்பியிடமும் போனைக் கொடுங்கள், நானே சொல்கிறேன் என்றார். சொல்லி முடித்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

 நான் திரும்பிப் பார்த்தேன். கதவு நிலையில் சாந்தினி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அவரும் பார்த்துவிட்டார். போனைப் பிடித்திருந்த கை தாழ்ந்தது. மகளைப் பார்க்க முடியாமல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது போனில் மீனாட்சி அம்மாவின் குரல் கேட்டது.

“அந்தத் தண்ணி முழங்காலுக்கு இதமா இருந்துச்சாண்ணே?”

அவர் கை முழங்காலைத் தடவியது.

“இருந்துச்சும்மா,” என்றார், தெருவைப் பார்த்தபடியே.

சாந்தினி உள்ளே போனாள். சோபாவில் அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரிக்குள் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலையில் டெஸ்மண்ட் இழுத்துப்போட்ட அதே நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். அதன்மேல் தன் தலையணையைப் போட்டாள். ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் கொண்டுவந்து மேலே வைத்தாள்.

“உக்காருங்கப்பா,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.